ஈயம் தேய்ந்த போணி

நவம்பர் 1, சனி

வசனம்: மற்றவர்களை நம்மைவிட மேன்மையாக எண்ண வேண்டும்.
செய்தது: நாளைத் திருவிருந்துக்குத் திராட்சரசம் போட்டேன்.

தினமும் இப்படி இரண்டு வரி எழுத வேண்டும் என்று முன்பு போதகராக இருந்த ஐயர் பெண்கள் சங்கத்தில் சொன்னார். மேலே அன்றைக்கு வாசித்த வசனம், கீழே அதன்படி செய்த காரியம். அவர் வேறு சபைக்கு மாறிப் பதினோரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். இது எனக்கு ஏழாவது நோட்டு. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை பதினான்கு தடவை முடித்தவள் இந்தச் சந்தோஷவிளைச் சபையில் வேறு யாரும் இல்லை, டீச்சர்களையும் சேர்த்து.

இன்று இரண்டு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை. நாளைக்கு என் பேத்தி பெனிட்டா முதல்தடவையாகத் திருவிருந்து வாங்கப் போகிறாள். திருவிருந்து வாங்கத் தகுதி தருகிற திடப்படுத்தல் போன ஞாயிறுதான் ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷமாகக் கோயிலுக்கு ரசம் போடுகிற கை இது. அந்த ரசத்தை என் பேத்தி முழங்கால் போட்டு வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

ஆறு கிலோ பன்னீர் திராட்சை. வேகவைத்து, மசித்து, துணியில் வடித்து, எப்போதும் ஊற்றுகிற பீங்கான் சாடியில் ஊற்றினேன். சூடாக ஊற்றிவிட்டேன். சாடி அடியில் விரிசல் விட்டு, ரசம் ஒழுக ஆரம்பித்தது. கால்வாசி போய்விட்டது. பரணில் மாமியார் காலத்துப் பித்தளைப் போணி கிடந்தது. இறக்கி, புளி போட்டுப் பொன்போல விளக்கி, உள்ளே ஒரு அலசு அலசி, அதில் ஊற்றி மூடிவைத்தேன். மருமகள் ஹெப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே ஈயப் பூச்செல்லாம் போய்விட்டதே, ஸ்டீல் குண்டானில் ஊற்றலாமே என்றாள். குழம்பு வைக்கிற குண்டானில் ஆண்டவருடைய ரசமா என்று கேட்டேன். எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள்.

நாளை பெர்சியையும் மறுபடி சபையில் சேர்க்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் சபைக்குத் தெரியாமல் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். புருஷன் விபத்தில் போய்விட்டான். பெண்பிள்ளையோடு திரும்பி வந்து, தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் நான்தான். அதனால் அவள் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

வசனம்: அவனவன் தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டே திருவிருந்தில் பங்குபெற வேண்டும்.
செய்தது: சோதித்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

காலையில் ஆராதனைக்கு முன்பே போணியைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். என் சிநேகிதி செல்வமணிதான் பீடத்துத் துணிகளைப் பார்க்கிறவள். ருசி சொல் என்று அவளுக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். என்னட்டி என்றேன். சீனி கம்மி என்றாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, அவள் சொல்கிறாள் சீனி கம்மி என்று. சிரித்துவிட்டேன்.

பெனிட்டா வெள்ளைச் சேலையில் நின்றது கண்ணிலேயே நிற்கிறது. ரசம் கடைசி ஆளுக்குப் பற்றவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்தடவை. எல்லோருக்கும் பின்னால் தனியாக வந்த பெர்சிக்கு மட்டும் ஐயர் உள்ளறையில் இருந்த கடைப் பாட்டிலிலிருந்து ஊற்றினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மத்தியானம் பெனிட்டா சாப்பிட்ட சோற்றை அப்படியே வாந்தி எடுத்தாள். பிறகு எனக்கும் குமட்டல். பக்கத்து வீட்டில் இரண்டு பேர். மேலத் தெருவில் ஐந்து பேர் என்றார்கள். ஐயருக்கும் வயிறு சரியில்லையாம்.

வெயிலாக இருக்கும்.


நவம்பர் 3, திங்கள்

வசனம்: வாசித்தேன்.
செய்தது: பாத்திரங்கள் கழுவினேன்.

முப்பத்தொரு பேர் என்று சொல்கிறார்கள். பெனிட்டாவுக்குக் கஞ்சி நிற்கிறது. செல்வமணிக்குத்தான் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

சுகாதார நர்ஸ் வந்து மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். நேற்று எல்லோரும் என்ன சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டாள். ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் மீன், ஒரு வீட்டில் வெறும் ரசஞ்சோறு. ஒன்றும் ஒத்துவரவில்லை. எல்லோரும் பொதுவாக எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்டவருடைய இரத்தத்தைக் குடித்து வாந்தி வந்தது என்று எந்த வாய் சொல்லும்? நானும் சொல்லவில்லை. என்னிடம் அவள் தனியாகக் கேட்கவும் இல்லை.

போணியைக் கழுவும்போது உள்ளே அடியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம் போனது. தண்ணீர் நீலமாக ஓடியது.

வீட்டில் இடத்தை அடைக்கிறது. வீட்டுக்குப் பின்னால் விறகுச் சாய்ப்பில் கொண்டு வைத்தேன். மழையில் நனையக்கூடாதே என்று மேலே நாலு பனையோலை போட்டேன்.


நவம்பர் 4, செவ்வாய்

தண்ணீரில் குறை ஒன்றுமில்லையாம்.


நவம்பர் 5, புதன்

வசனம்: பாளயத்தில் ஒருவன் செய்த பாவம் எல்லோர்மேலும் வந்தது.
செய்தது: பெண்கள் சங்கத்தில் செய்தி கொடுத்தேன்.

சங்கம் இன்று எங்கள் வீட்டில். ஜெபம் தொடங்குவதற்கு முன்னாலேயே பேச்சு தொடங்கிவிட்டது. தொடங்கியது குளோரி. அவள் நாக்குக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடையாது. தகுதியில்லாமல் திருவிருந்து எடுத்தால் சபையில் வியாதி வரும் என்று பவுல் எழுதியிருக்கிறாரே, அன்றைக்குப் புதிதாக எடுத்தது யார் என்று கேட்டாள். பெனிட்டாவும் மற்றப் பிள்ளைகளும் என்றேன். பிள்ளைகளை விடுங்கள் என்றாள்.

"எல்லாருக்கும் வயித்தால போச்சு. அவளுக்கு மட்டும் ஒரு தும்மல் உண்டா அக்கா? அதையும் யோசிச்சுப் பாக்கணும்லா."

பெர்சி வாசலில், செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்ததைக் குளோரி கவனித்தாளோ இல்லையோ, தெரியாது.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம், அவளுக்கு ஊற்றியது பாட்டில் ரசம் என்று. சொன்னால், அப்படியானால் மற்றவர்களுக்கு ஊற்றியது என்ன என்று அடுத்த கேள்வி வரும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், செய்தி சொல்லுங்கள் என்று. வேறு செய்தி தயார் செய்திருந்தேன். வாய் தானாக ஆகானைப் பற்றிப் பேசியது. எரிகோவில் எடுத்த பொன்னையும் வெள்ளியையும் சால்வையையும் கூடாரத்துக்கு அடியில் புதைத்தவன். அவன் ஒருவன் ஒளித்ததற்காக முப்பத்தாறு பேர் யுத்தத்தில் செத்தார்கள். யார் என்று தெரியாமல் கோத்திரம் கோத்திரமாக, குடும்பம் குடும்பமாக வரவழைத்துக் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள். குளோரி அழுதாள்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எல்லோருடைய தலையும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. பெனிட்டா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அவள் நிற்பது எனக்குத் தெரியாது.

காப்பி கொடுத்தோம். பெர்சி காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.


நவம்பர் 6, வியாழன்

வசனம்: உள்ளதை உள்ளது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்ல வேண்டும்.
செய்தது:

ஹெப்சி இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அத்தை, அந்தப் போணி எங்க?"

ஈயம் பூசக் கொடுத்துவிட்டேன் என்றேன். ஈயம் பூசுகிறவர் இந்த ஊருக்கு வந்து ஆறு ஏழு வருஷம் இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி அத்தை என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு சத்தம் போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். மாவைக் கரைத்துக்கொண்டே இருந்தாள்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் ஜெபசிங் போன் பண்ணினான். அம்மா சுகமா என்றான். சுகம் என்றேன். ஹெப்சி போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கதவை இதற்கு முன்னால் அவள் சாத்தியதில்லை. சுவரில் காதை வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். எழுபத்தொரு வயசில்.

விறகு எடுக்க இன்று அவளை விடவில்லை. நானே போனேன்.


நவம்பர் 7, வெள்ளி

வசனம்: வியாதியாயிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்.
செய்தது: செல்வமணியைப் பார்க்கப் போனேன்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். முகம் வீங்கி, கண் மஞ்சளாக இருக்கிறது. மூத்திரம் சரியாகப் போகவில்லையாம். கையில் ஊசி, பக்கத்தில் பை. மகள் தலைமாட்டில் நிற்கிறாள், அழுது அழுது குரலே இல்லை.

இளவயது டாக்டரம்மா வந்தாள். இது சாதாரண வாந்திபேதி மாதிரி தெரியவில்லை, ஏதோ விஷம் போலச் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது என்றாள். என்ன உள்ளே போனது என்று தெரிந்தால் அதற்கான மருந்தைக் கொடுப்பேன், தெரியாமல் நான் எதைக் கொடுக்க என்றாள். கோயிலில் ஏதாவது சாப்பிட்டார்களா என்று நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றைக்குக் கோயிலில் அசனம் எதுவும் கிடையாது என்றேன்.

அது பொய்யில்லை. அன்றைக்குக் கோயிலில் சாப்பாடு போடவில்லை.

டாக்டரம்மா செல்வமணியிடம் திரும்பிக் கேட்டாள், பாட்டி, நீங்கள் சொல்லுங்கள், அன்று காலையில் என்ன குடித்தீர்கள் என்று. காப்பி என்றாள் செல்வமணி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அன்னம், ஒரு ஜெபம் பண்ணு என்றாள்.

முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் ஜெபித்தவள் நான். கையை அவள் நெற்றியில் வைத்தேன். ஆண்டவரே என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். துக்கம் என்று நினைத்திருப்பாள். பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். அதிலும் பாதியில் ஒரு வரி விட்டுப்போயிற்று.

பஸ்ஸில் வரும்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு பித்தளைக் கம்பி. அதைப் பார்க்க முடியாமல் இடம் மாறி உட்கார்ந்தேன்.


நவம்பர் 8, சனி

வசனம்:
செய்தது:

பெனிட்டா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று நினைத்திருந்தோம். இன்று காலையில் தலை பின்னிவிடும்போது கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு தோள் குலுங்கியது.

"ஆச்சி, அது நான்தான்."

எது என்று கேட்டேன். காலாண்டுத் தேர்வில் கணக்குப் பேப்பரைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினாளாம். திடப்படுத்தலுக்கு முன்னால் டீச்சரிடம் சொல்லிவிட நினைத்து, பயந்து சொல்லவில்லையாம். அந்தப் பாவத்தோடு திருவிருந்து வாங்கிவிட்டாள், அதனால்தான் ஊரெல்லாம் வியாதி, செல்வமணி ஆச்சி செத்துப்போனால் அதுவும் தன்னால்தான் என்கிறாள். ஆகானைப் பிள்ளைகளோடு சேர்த்துத்தானே கல்லெறிந்தார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இல்லட்டி, அது நீ இல்ல என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

பதினோரு மணிக்குப் பெர்சி வந்தாள். பீடத்துக்குத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்த வெள்ளைத் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஓரத்தில் திராட்சைக் கொடி பின்னியிருக்கிறாள், எவ்வளவு நுணுக்கம். உள்ளே வாட்டி என்றேன். வாசலிலேயே நின்றாள்.

"பெரியம்மா, நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் நாங்க ஊரவிட்டுப் போறோம். சபைக் கமிட்டியில முடிவு பண்ணிட்டாவளாம், நான் திருவிருந்து எடுக்கக்கூடாதுன்னு. நாளைக்கு ஐயர் வாசிப்பாவ. பிள்ளைக்கு முன்னால அதக் கேட்டுட்டு இங்க இருக்க முடியாது."

எங்கே போவாய் என்றேன். திருப்பூரில் தையல் வேலை கிடைக்கும் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"எனக்கே பயமா இருக்கு பெரியம்மா. எல்லாருக்கும் வந்துது, எனக்கு ஒண்ணும் வரலையே. நெசமாவே என்னாலதான் இருக்குமோ? நீங்க வேதம் தெரிஞ்சவுக. நீங்க சொல்லுங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தையாக என் கையில் கிடந்தபோதும் இதே மாதிரிதான் கண்ணை விரித்துப் பார்த்தாள், தலையில் தண்ணீர் விழுந்தும் அழவில்லை. இவளுக்காகப் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுக்கிறேன் என்று சபை முன்னால் சொன்னவள் நான்.

ஜெபம் பண்ணிக்கோ என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அவள் போன பிறகு விறகுச் சாய்ப்புக்குப் போய் ஓலையை விலக்கிப் பார்த்தேன். வெளிப்புறம் இன்னும் பொன்போலத்தான் இருக்கிறது. உள்ளே மறுபடி பச்சை பூத்திருக்கிறது. மறுபடி மூடினேன். ஓலை சரசரத்ததும் யாரோ வருகிறார்கள் என்று திரும்பினேன். ஒரு கோழி.


நவம்பர் 9, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆராதனைக்குப் பிடியரிசிப் பையோடு போனேன். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்த அரிசி. காணிக்கை நேரத்தில் பெண்கள் வரிசையாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய ஓலைப்பெட்டியில் கொட்டுவோம். கடைசி பெஞ்சில் பெர்சி, பக்கத்தில் அவள் பிள்ளை, காலடியில் இரண்டு பை, ஒரு தையல் மிஷின் தலை சாக்கில் கட்டி. ஐயர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். காணிக்கைக்குப் பிறகு அறிவிப்பு.

என் முறை வந்தது. பையை அவிழ்த்துவிட்டேன். கொட்டப்போகும்போது அந்த வசனம் ஞாபகம் வந்தது. காணிக்கை கொடுக்க வந்த இடத்தில் இன்னொருவருக்கு நம்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவரோடு ஒப்புரவாகு என்கிற வசனம். இந்த ஏழு நோட்டுகளில் அதை எத்தனை தடவை எழுதியிருப்பேன். கீழ் வரியில் ஒவ்வொரு தடவையும் ஏதாவது எழுதியும் இருக்கிறேன், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசினேன், கருவாடு கொடுத்தனுப்பினேன் என்று. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போனது ஒருநாளும் கிடையாது.

பயமாக இருந்தது. கொட்டினாலும் பயம், போனாலும் பயம். கொட்டாமல் நின்றேன். பின்னால் வரிசை நிற்கிறது. குளோரி என் தோளைத் தொட்டு, அன்னக்கா, தலை சுத்துதோ என்றாள்.

பையைக் கொட்டாமல் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு நடந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தாண்டும்போது பெர்சி எழுந்து நின்றாள், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்து. வேண்டாம், நீ போயிராத, இங்கயே இரு என்றேன். வீட்டுக்கும் கோயிலுக்கும் நூறு அடிதான். அந்த நூறு அடி தீரவே மாட்டேன் என்றது. ஓலையைத் தள்ளிப் போணியைத் தூக்கினேன். காலியாக இருந்தும் கனத்தது. சேலையால் மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. மூடவில்லை.

திரும்பி வந்தபோது பாட்டு முடிந்து ஐயர் தாளைப் பிரித்துவிட்டார். நடுவழியில் நடந்துபோய்ப் போணியை என் அரிசிப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கல் தரையில் அது எழுப்பிய சத்தத்தில் பின்னால் ஒரு குழந்தை விழித்து அழுதது.

ஐயா, அத வாசிக்காதிய என்றேன். அவருக்கு என் மகன் வயசுகூட இல்லை. தாளைத் தாழ்த்தினார்.

"போன ஞாயித்துக்கெழம ரசம் இந்தப் போணியில இருந்துது. உள்ள ஈயம் இல்ல. களிம்பு எறங்கியிருக்கு. ஹெப்சி வேண்டாம்னு சொன்னா, நான் கேக்கல. திங்கக்கெழமையே எனக்குத் தெரியும். பெர்சிக்கு ஊத்துனது பாட்டில் ரசம், அதான் அவளுக்கு ஒண்ணும் வரல. அவ மேல ஒரு பாவமும் இல்ல. பிள்ளைய மேலயும் இல்ல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

இவ்வளவுதான் சொன்னேன். இன்னும் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியும். வரவில்லை.

யாராவது ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பெனிட்டா முதல் பெஞ்சில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஹெப்சி எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். போணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பத்தேமுக்கால் பஸ் இருக்கு, டாக்டர்ட்ட காட்டணும், வாங்க அத்தை என்றாள்.

டாக்டரம்மா போணிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். எத்தனை மணி நேரம் இதில் இருந்தது, எவ்வளவு குடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அரை டம்ளர் என்றேன். வெள்ளிக்கிழமை கேட்டேனே பாட்டி என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதற்குள் நர்ஸிடம் ஏதோ மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

செல்வமணிக்குப் பேச மூச்சு கொஞ்சம்தான் இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தெரியும்ட்டி. வாயில வச்ச ஒடனே தெரியும், களிம்பு. வெளிய மட்டும் புளி போட்டு வெளக்கியிருப்ப."

ஏன் சொல்லவில்லை, டாக்டர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நான் சொல்லிக்குடுத்தா ஒம் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? நீயே வருவன்னு பாத்தேன். முதல்லயே எனக்கும் வாய் இருந்துதே, சீனி கம்மின்னுல்லா சொன்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் பண்ணு என்று அவளும் சொல்லவில்லை, நானும் பண்ணவில்லை.


நவம்பர் 12, புதன்

சங்கம் குளோரி வீட்டில். போனேன். செருப்புகள் கிடக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் மேலே வா என்று சொல்லவில்லை. பிறகு குளோரியே ஒரு பாயை என் பக்கமாகத் தள்ளிவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.


நவம்பர் 20, வியாழன்

செல்வமணிக்கு உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னாள். ஆனால் வாரம் இரண்டு நாள் இரத்தத்தை மிஷினில் சுத்தம் பண்ண வேண்டும், எத்தனை மாதம் என்று இப்போது சொல்ல முடியாது. நாலு நாள் முந்தித் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் நான் கூடப் போகிறேன். செல்வமணி தூங்குகிறாள். தூக்கத்தில் அவள் மூச்சை எண்ணுகிறேன்.

பெனிட்டா கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். டீச்சர் முப்பது கணக்கு எழுதிவரச் சொன்னாள். சந்தோஷமாக எழுதுகிறாள்.


டிசம்பர் 6, சனி

ஐயரிடம் போய், நாளைத் திருவிருந்தில் எனக்குக் கொடுக்க வேண்டாம், ஒரு வருஷம் தள்ளிவையுங்கள் என்று கேட்டேன். உங்களைத் தள்ளிவைத்தால் கமிட்டியையும் என்னையும் சேர்த்துத்தான் தள்ளிவைக்க வேண்டும் என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், ஆனால் எழுதியது என் கைதானே என்றார். வாருங்கள் என்றார்.

ஹெப்சி அடுக்களையில் ரசம் போட்டாள். நான் உள்ளே போகவில்லை. ஸ்டீல் குண்டான். வாசம் மிதந்துகொண்டு இங்கேவரை வந்தது.


டிசம்பர் 7, ஞாயிறு

வசனம்: மற்றவர்களை நம்மைவிட மேன்மையாக எண்ண வேண்டும். (ஐயர் இதையே இன்றைக்கும் வாசித்தார். அவருக்கு என் நோட்டு தெரியாது.)

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பீடத்தில் பெர்சி தைத்த துணி. மற்றவர்கள் எல்லோரும் போய்வந்தார்கள். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. கிண்ணம் கிட்ட வந்தால் அந்த முப்பத்தொரு பேரும் கண்ணில் நிற்கிறார்கள். பெர்சி எழுந்தவள் போகாமல் நின்றாள். நாம ரெண்டு பேருந்தான் பாக்கி, வாங்க பெரியம்மா என்றாள். பயமா இருக்குட்டி என்றேன். எனக்கும்தான் என்று கையை நீட்டினாள்.

முழங்கால் போட்டோம். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். ஐயர் கிண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

செய்தது: வாங்கிக் குடித்தேன். ஹெப்சி போட்ட ரசம். நான் போடுவதைவிட நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன்.